பட்டாளத்துக்கு வெள்ளாவி

சார்லஸ் கேரிங்டன் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி 1916ஆம் ஆண்டின் தன் நாட்களைப் பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தார். முன்வரிசைப் பதுங்குகுழியில் 65 நாள். அதை ஒட்டிய துணை வரிசையில் 36 நாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போகக்கூடிய தூரத்தில், சேமப்படையாக 120 நாள். எதிரியின் பீரங்கி எட்டாத இடத்தில் ஓய்வு என்ற பெயரில் 73 நாள். மிச்சமெல்லாம் விடுப்பு, பயிற்சி, மருத்துவமனை, பயணம் என்று போயிற்று. சோம் நதிக்கரையில் நடந்த பெரும்போரில் நேரடியாக நின்றவரின் கணக்கு இது.

முதல் உலகப் போர் என்றதும் நம் கண்முன் வருவது அந்த 65 நாள்தான். சேறு, முள்கம்பி, எலி, விசில் சத்தம் கேட்டதும் மேலேறி ஓடிச் சாகும் மனிதர்கள். மீதி 300 நாள் அந்த மனிதன் எங்கே தூங்கினான்? என்ன தின்றான்? எப்போது குளித்தான்? அவன் சட்டையை யார் துவைத்தார்கள்? இவை சில்லறைக் கேள்விகள் என்று நான் நினைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் லட்சக்கணக்கானவர்களை ஒரே கோட்டில் அசையாமல் நிறுத்திவைத்த போர் அது. அவர்கள் நோயில் சாயாமல் நிற்பதற்கான வேலை முழுக்கப் பின்வரிசையில்தான் நடந்தது. அந்த வேலையில் எது கைகூடியது, எது கைவிட்டது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் பொப்பரிங்க என்று ஒரு சிற்றூர். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் கொடி விளைகிற ஊர். ஈப்பர் குண்டு விழுந்து விழுந்து கல்மேடாகிக்கொண்டிருந்தபோது, இந்த ஊரில் கடைகள் திறந்திருந்தன. சிப்பாய்கள் வாய்க்குச் சுருக்கமாக 'பாப்' என்றார்கள். வீட்டின் முன்னறையில் நாலு மேசை போட்டு ஊர்ப்பெண்கள் நடத்திய எஸ்டமினே என்ற கடைகளில் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைத்தன. பட்டாளம் கொடுத்ததோ டின்னில் அடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சியும், பல் பெயரும்படியான பிஸ்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் சம்பளம் வாங்கியவன், அதில் ஒரு பங்கைச் சூடான முட்டைக்குக் கொடுக்கத் தயங்கவில்லை.

அதே ஊரில் 1915 டிசம்பரில் பிலிப் கிளேட்டன் என்ற பாதிரியார் ஒரு பெரிய வீட்டை எடுத்து டால்பட் இல்லம் என்று திறந்தார். அந்த ஆண்டு ஜூலையில் களத்தில் இறந்த கில்பர்ட் டால்பட் என்ற இளைஞரின் நினைவாக வைத்த பெயர். உள்ளே நுழைந்துவிட்டால் அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடு கிடையாது. அங்கே நூலகம் ஒன்று இருந்தது. புத்தகம் வேண்டுமா, உன் தொப்பியைக் கழற்றிக் கொடு. புத்தகத்தைத் திருப்பினால் தொப்பி. தொப்பியில்லாமல் தெருவில் நடந்தால் தண்டனை உண்டு என்பதால் புத்தகங்கள் தொலையவில்லை. வீடு இன்றும் அப்படியே நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

ஓய்வு என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பகலில் கவாத்து, துப்பாக்கி துடைப்பு, சாமான் சோதனை, கால்பந்து. இருட்டியதும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டும். முள்கம்பிச் சுருளும், மரப்பலகையும், தண்ணீர்த் தகரமும் சுமந்து முன்வரிசைக்குப் போய், விடிவதற்குள் திரும்ப வேண்டும். ஓய்வுக்கு வந்து உடம்பு இன்னும் நொந்தது என்று சொன்னவர்கள் ஏராளம். பிரெஞ்சுப் படையில் இது எல்லை மீறியது. 1917 வசந்தத்தில் தளபதி நிவேலின் தாக்குதல் தோற்றதும், பல பிரிவுகள் மறுபடி தாக்கப் போகமாட்டோம் என்று மறுத்துவிட்டன. அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை விடுப்பு, ஓய்வு, நல்ல சாப்பாடு. புதிதாகப் பொறுப்பேற்ற பெத்தேன் சிலரைச் சுட்டுக் கொன்றார் என்பது உண்மை. கூடவே நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் விடுப்பை உறுதிசெய்தார், சமையல் வண்டிகளையும் ஓய்வு முகாம்களையும் சீர்செய்தார். படை மறுபடி நிமிர்ந்து நின்றது. பின்வரிசையின் எடை என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி உடம்புக்கு வருவோம்.

பிரிட்டிஷ் படை ஒரு பாடத்தைத் தென்னாப்பிரிக்காவில் கற்றிருந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் அது இழந்த சுமார் 22,000 பேரில் ஏறக்குறைய மூன்றில் இருபங்கினர் நோயில் செத்தார்கள். அதில் பெரும்பங்கு டைபாய்டு. குடித்த தண்ணீர்தான் கொன்றது. அதனால் 1914இல் பிரான்சுக்கு வந்தபோது இரண்டு ஆயுதங்களோடு வந்தது. ஒன்று, ஆல்ம்ரோத் ரைட் உருவாக்கிய டைபாய்டு தடுப்பூசி. மற்றது, தண்ணீர் வண்டி.

அந்த வண்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். குதிரை இழுக்கும் இரண்டு சக்கர வண்டி, சுமார் 500 லிட்டர் பிடிக்கும். குளத்திலோ ஓடையிலோ நிரப்புவார்கள். அதில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது? அளவு தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். குளோரின் முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் கிருமியைக் கொல்லும். குறைத்துப் போட்டால் பேதி. கூட்டிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாராக்ஸ் இதற்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். உள்ளே ஆறு வெள்ளைக் கிண்ணம். ஆறிலும் அந்தத் தண்ணீரை ஊற்று. முதல் கிண்ணத்தில் பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஆறு வரை. அரைமணி நேரம் காத்திரு. பிறகு ஒவ்வொன்றிலும் அயோடைடும் மாவுச்சத்தும் கலந்த திரவத்தை விடு. குளோரின் மிஞ்சியிருக்கும் கிண்ணத்தில் அயோடின் விடுபட்டு மாவுச்சத்தோடு சேர்ந்து நீலமாகும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் நாம் பார்த்த அதே நீலம். முதலில் நீலமான கிண்ணம் மூன்றாவது என்றால், வண்டிக்கு மூன்று கரண்டி பவுடர். எழுத்து தெரியாதவனும் செய்யக்கூடிய வேதியியல். பிரான்ஸ், பெல்ஜியம் களமான மேற்கு முனையில் டைபாய்டு பெரும் கொள்ளைநோயாக வெடிக்காமல் போனதற்கு ஊசியோடு இந்த ஆறு கிண்ணங்களுக்கும் பங்கு உண்டு. சிப்பாய்களோ அந்தத் தண்ணீரைத் திட்டினார்கள். குளோரின் வாடை ஒருபக்கம். பெட்ரோல் தகரத்திலேயே முன்வரிசைக்குச் சுமந்ததால் தேநீரில் பெட்ரோல் வாடை மறுபக்கம்.

காலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914–15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் 20,000 பேருக்கு மேல் கால் வீங்கி, நீலம் பாரித்து, சிலருக்கு அழுகியும் போயிற்று. காரணம் ஈரம், குளிர், கெண்டைக்காலில் இறுகச் சுற்றிய பட்டி. மூன்றும் சேர்ந்து பாதத்துக்கு ரத்தம் போகாமல் தடுத்தன. மருந்து எதுவும் தேவைப்படவில்லை. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் காலை மற்றவர் திமிங்கில எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பின்வரிசைச் சலவையகங்களிலிருந்து காய்ந்த காலுறைகள் சாப்பாட்டோடு சேர்ந்தே இரவில் முன்வரிசைக்குப் போயின. எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

வயிற்றுக்கு வழி தெரிந்தது, காலுக்கும் தெரிந்தது. சட்டைக்கு வழி தெரியவில்லை.

தலைப்பேனைத் தெரியும் நமக்கு. இன்னொரு பேன் உண்டு. தமிழில் அதற்குச் சீலைப்பேன் என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்கு நான் தலைவணங்குகிறேன். சீலை என்றால் துணி. அந்தப் பூச்சியின் வாழ்க்கை ரகசியமே அந்தப் பெயரில் இருக்கிறது. அது உடம்பில் குடியிருப்பதில்லை. சட்டையின் தையல் மடிப்பில் இருக்கிறது. பசிக்கும்போது தோலுக்கு வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பவும் மடிப்புக்குள் போய்விடுகிறது. ஈர்களையும் நூலிழையில்தான் ஒட்டுகிறது. மனிதன் உடை உடுத்த ஆரம்பித்த பிறகே தலைப்பேனிலிருந்து இது பிரிந்திருக்க வேண்டும். அதனால் பேன்களின் டிஎன்ஏவை வைத்தே, நம் முன்னோர் எப்போது துணி கட்டினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 2011இல் வந்த ஓர் ஆய்வு, அது 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கலாம் என்கிறது.

எள்ளளவு உயிர், நீளம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். பெண்பேன் நாளொன்றுக்கு எட்டு, பத்து ஈர் வைக்கும். உடம்புச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். மாதக்கணக்கில் மாற்றாத கம்பளிச் சட்டை, ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுக்கும் குளிர், போன பட்டாளம் விட்டுப்போன வைக்கோலிலேயே புதுப் பட்டாளம் படுக்கும் தொழுவம். சீலைப்பேனுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. ஸ்காட்லாந்துப் படையினரின் கில்ட் என்ற கம்பளிப் பாவாடையின் கொசுவ மடிப்புகள் இன்னும் வசதி.

ஓய்வுக்கு வந்த சிப்பாய்களின் முக்கியமான பொழுது எதில் போயிற்று என்றால், பேன் பார்ப்பதில். வெயில் பட்டால் போதும், சட்டையைக் கழற்றி மடியில் போட்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். மெழுகுவத்திச் சுடரைத் தையல் ஓரமாக மெதுவாக நகர்த்த வேண்டும். துணி கருகக் கூடாது, ஈர் வெடிக்க வேண்டும். படபடவென்று அது வெடிக்கும் சத்தத்தைப் பலரும் எழுதிவைத்திருக்கிறார்கள். பேச்சு, சிரிப்பு, வீட்டுக் கடிதம் வாசிப்பு எல்லாம் இந்த வட்டத்தில்தான். திண்ணையில் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசிய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

படைத் தலைமையும் சும்மா இருக்கவில்லை. பீர் காய்ச்சும் ஆலைகளையும் சாயப்பட்டறைகளையும் குளியல் கூடங்களாக்கினார்கள். பெரிய மரத்தொட்டிகளில் வெந்நீர். ஒரு வாசலில் அழுக்குத் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். ஒரு தொட்டியில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். சில நிமிடம்தான் நேரம். மறு வாசலில் துவைத்த உள்ளாடை கிடைக்கும், யாருடையதோ. மேல்சட்டையையும் காற்சட்டையையும் இதற்குள் பெண்கள் சூடான இஸ்திரிப் பெட்டியால் தையல் ஓரமாக அழுத்தித் தேய்த்து வைப்பார்கள். டார்டனெல்ஸ் தாக்குதல் தோற்ற பிறகு அமைச்சர் பதவியை விட்டு வந்து, 1916 தொடக்கத்தில் ஒரு ஸ்காட்லாந்துப் பட்டாலியனுக்குத் தலைமையேற்ற வின்ஸ்டன் சர்ச்சில், தன் அதிகாரிகளுக்கு நடத்திய முதல் வகுப்பே பேனைப் பற்றித்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்னும்படியான குளியல் அது. சில மணி நேரம் சொர்க்கம். அன்றிரவே மறுபடி அரிக்கும். ஏன்?

பெயரிலேயே விடை இருக்கிறது. உடம்பைக் கழுவிப் பயனில்லை. பேன் துணியில் இருக்கிறது. துணியையும் வெதுவெதுப்பான நீரில் அலசிப் பயனில்லை, ஈர் அசையாது. உடுத்தியதும் உடம்புச் சூடு பட்டு அது பொரியும். சுமார் 60 டிகிரி வெப்பம் துணியின் உள்மடிப்பு வரை போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அப்போதுதான் பேனும் சாகும், ஈரும் சாகும். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் காலங்காலமாக வெள்ளாவி வைத்தது இதைத்தான்: துணியைப் பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் நீராவியில் வேகவைப்பது. பட்டாளமும் வெள்ளாவிக்கு வந்து சேர்ந்தது. நீராவி லாரியின் முதுகில் ஆவிப்பெட்டிகளை ஏற்றி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிறகு சூடான காற்றுக் குடிசைகள் வந்தன. நாப்தலீன், கிரியோசோட், அயோடோஃபார்ம் சேர்ந்த ஒரு பொடியையும் கொடுத்தார்கள். ஆனால் போர்வைகள்? கம்பளிக் கோட்டு? வைக்கோல்? அத்தனையும் ஒரே நாளில் வெந்தாலொழிய, ஒரு போர்வையிலிருந்து பத்து பேருக்கு மறுபடி ஏறிவிடும். லட்சக்கணக்கான பேருக்கு இதை இடைவிடாமல் செய்ய எந்தப் படையிடமும் வசதி இல்லை.

அரிப்போடு போயிருந்தால் இத்தனை பக்கம் இதற்கு ஒதுக்கியிருக்க மாட்டேன்.

1915 கோடையில் ஒரு புதுக் காய்ச்சல் தலைகாட்டியது. திடீரென்று தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தாங்க முடியாத குடைச்சல். காய்ச்சல் விட்டு, சுமார் ஐந்து நாள் கழித்து மறுபடி வரும், மறுபடி விடும், மறுபடி வரும். ஜான் கிரஹாம் என்ற ராணுவ மருத்துவர் அதை முதலில் பதிவுசெய்தார். பதுங்குகுழிக் காய்ச்சல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கொல்வதில்லை, ஆனால் ஆளை இரண்டு மாதம் கட்டிலில் போட்டுவிடும். பிரான்சில் நோயென்று படுத்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்தக் காய்ச்சல்காரர்கள். 1916 இலையுதிர்காலத்தில் சோம் முனையிலிருந்து இப்படிக் காய்ச்சலோடு கப்பலேறிய ஓர் இளம் அதிகாரி ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவர் மறுபடி களத்துக்குத் திரும்பவில்லை.

பேன்மேல் சந்தேகம் விழக் காரணம் இருந்தது. டைபஸ் என்ற கொடிய காய்ச்சலைச் சீலைப்பேன் பரப்புகிறது என்று 1909இலேயே துனிஸ் நகரில் ஷார்ல் நிக்கோல் நிரூபித்திருந்தார். 1915இல் செர்பியாவில் அந்த டைபஸ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மேற்கு முனைக்கு அது வராதது பெரும் பேறு. ஆனால் இந்தப் புதுக் காய்ச்சலைச் சோதிக்க விலங்கு கிடைக்கவில்லை. எலிக்கும் முயலுக்கும் அது தொற்றவில்லை. மனிதர்கள்தான் முன்வர வேண்டும். 1918இல் டேவிட் புரூஸ் தலைமையிலான குழுவுக்காக வில்லியம் பயம் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் சோதனை நடத்தினார். போருக்குப் போகும் வயதைத் தாண்டியவர்கள் தாமாக வந்து படுத்தார்கள். பிரான்சில் அமெரிக்கச் சிப்பாய்கள் இதேபோல் முன்வந்தார்கள். இவர்களுக்கு எந்த ஊரிலும் சிலை இருப்பதாக நான் கேள்விப்படவில்லை, இருக்க வேண்டியவர்கள்.

கிடைத்த விடை எதிர்பாராதது. நோயாளியின் ரத்தம் குடித்த பேனை ஆரோக்கியமானவர் மேல் விட்டு, சொறியாமல் பார்த்துக்கொண்டால், வெறும் கடியால் காய்ச்சல் வரவில்லை. பேனின் எச்சத்தை எடுத்துச் சிராய்த்த தோலில் தேய்த்தால், ஒரு வாரம் சொச்சத்தில் காய்ச்சல் வந்தது. கிருமி பேனின் குடலில் பெருகி எச்சத்தோடு வெளியேறுகிறது. அரிப்பு தாங்காமல் சிப்பாய் நகத்தால் சொறிகிறான். அந்தக் கீறல் வழியாக எச்சத்தைத் தானே தன் உடம்புக்குள் தேய்த்துவிடுகிறான். காய்ந்த எச்சத்தில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் பேன் செத்த சட்டையும் ஆபத்தே. இன்னொன்று: காய்ச்சலடிக்கும் உடம்பின் சூடு பேனுக்குப் பிடிக்காது. அது இறங்கி, பக்கத்தில் படுத்திருப்பவன் சட்டைக்குப் போய்விடும்.

பேனின் வாழ்க்கையை நமக்குச் சொன்னவர்களில் ஆர்தர் பேகாட் என்பவரை மறக்க முடியாது. லண்டனில் பல ஆண்டுகள் குமாஸ்தா. பூச்சிகள்மேல் தீராத ஆசை. லிஸ்டர் ஆய்வகம் அவரைப் பூச்சியியலாளராகச் சேர்த்துக்கொண்டது. பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் தொண்டையை அடைத்துக்கொள்வதால்தான் அது மனிதருக்குப் பரவுகிறது என்று 1914இல் சார்லஸ் மார்ட்டினோடு சேர்ந்து கண்டுபிடித்தவர் அவர். போர்க்காலத்தில் சிறு டப்பிகளில் பேன்களை வளர்த்து, அவற்றைத் தன் தோலில் வைத்துக் கட்டி, தன் ரத்தத்தையே ஊட்டினார். 1920இல் வார்சாவில் அவருக்கே பதுங்குகுழிக் காய்ச்சல் வந்தது. பிழைத்தார். 1922இல் டைபஸை ஆராயக் கெய்ரோ போனார். அங்கே அந்த டைபஸே அவரைக் கொண்டுபோயிற்று.

விடை வந்தபோது போர் முடியும் தறுவாய். பேனை மொத்தமாக வீழ்த்தும் பொடி, அடுத்த உலகப் போரில்தான் கிடைத்தது: டிடிடி. 1943–44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரமே வரிசையில் நின்று சட்டைக்குள் அந்தப் பொடியை அடித்துக்கொண்டது, டைபஸ் அடங்கியது. பிறகு பேன்கள் டிடிடியைத் தாங்கப் பழகிக்கொண்டன.

அந்தக் கிருமிக்கு இன்று பார்ட்டோனெல்லா குயின்டானா என்று பெயர். அது பதுங்குகுழியில் பிறந்ததல்ல. 1812இல் ரஷ்யாவிலிருந்து திரும்பும் வழியில் வில்னியஸில் செத்து, 2001இல் தோண்டியெடுக்கப்பட்ட நெப்போலியன் படைவீரர்களின் பற்களுக்குள் அதன் டிஎன்ஏ கிடைத்திருக்கிறது. பதுங்குகுழியோடு அது மறைந்துபோகவும் இல்லை. 1993இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவமனையில் நோயாளிகளின் ரத்தத்தில் அதே கிருமி வளர்ந்தது. பிறகு பிரான்சின் மார்செய் நகரிலும் கண்டார்கள். அவர்களில் யாரும் சிப்பாய் வேலையில் இல்லை. பெரும்பாலோர் வீடில்லாமல் தெருவில் தூங்குகிறவர்கள். இன்று அதற்கு நல்ல ஆன்டிபயாட்டிக் மருந்து இருக்கிறது. மருந்து கொடுத்து அனுப்பும் மருத்துவர்கள் கூடவே கேட்பது ஒன்றுதான்: உடுத்தியிருக்கும் துணியை வெந்நீரில் துவைத்து, மாற்றிக்கொள்ள இன்னொன்று வேண்டும்.